கட்டு மிஷின் எப்போ வரும்?

தை பிறந்துவிட்டால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் குட்மார்னிங் படங்கள் காணாமல் போய்விடும். "பெல்ட் வண்டி யாருகிட்ட இருக்கு?", "மணிக்கு எவ்ளோ கேக்குறான்?", "வெள்ளிக்கிழமை மழைன்னு போட்டிருக்கானே, பாத்தியா?" காலை முதல் இரவு வரை இதுதான். குழுவில் பாதிப் பேர் நெய்வேலி டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸில் இருப்பவர்கள், இல்லையென்றால் ரிட்டையர் ஆகி வடலூரிலோ வடக்குத்திலோ வீடு கட்டிக்கொண்டவர்கள். மீதிப் பேர் சேத்தியாத்தோப்புப் பக்கம் ஊரிலேயே நிலத்தோடு இருப்பவர்கள். அறுப்பு முடிந்து நெல் மூட்டை கொள்முதல் நிலையத்துக்குப் போனதும் டவுன்ஷிப்காரர்கள் அடங்கிவிடுவோம். ஊர்க்காரர்கள் அடங்க மாட்டார்கள். அவர்களுக்கு அடுத்த கேள்வி வந்துவிடும்: "கட்டு மிஷின் எப்போ வரும்?" வைக்கோலைச் சுருட்டிக் கட்டுகிற மிஷினைத்தான் கேட்கிறார்கள்.

நெல்லைப் பற்றிப் பேச நாட்டில் ஆளிருக்கிறது. குறைந்தபட்ச ஆதரவு விலை இருக்கிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையம் இருக்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்கமாட்டேன் என்று சொல்ல ஓர் அலுவலர் இருக்கிறார், அவரை எதிர்த்துச் சாலை மறியல் செய்யச் சங்கங்களும் இருக்கின்றன. வைக்கோலுக்கு இதில் ஒன்றும் கிடையாது. இன்றைய குட்டை ரகங்களில், தரைக்கு மேலே நிற்கும் பயிரை எடை போட்டால் கிட்டத்தட்டப் பாதிதான் நெல். மறுபாதி தாளும் தோகையும். அந்த மறுபாதியைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீ எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

பழைய முறையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் மிஷின் வந்து எதை மாற்றியது என்று புரியாது. கருக்கரிவாளால் தரையோடு தரையாக அறுப்பார்கள். அறுத்ததை அரியரியாகப் போட்டு வெயில் காட்டி, கட்டாகக் கட்டித் தலைச்சுமையாகக் களத்துக்குக் கொண்டுவருவார்கள். கட்டைப் பிடித்துக் கல்லிலோ பலகையிலோ ஓங்கி அடிப்பது தலையடி. அதிலும் உதிராத நெல்லுக்காகத் தாளைக் களத்தில் பரப்பி, மாடுகளைப் பிணைத்துச் சுற்றிச் சுற்றி ஓட்டுவார்கள். எங்கள் காலத்தில் மாட்டின் இடத்தில் டிராக்டர் சுற்றியது. பிறகு உதறி உதறி எடுத்துப் போட்டால் வைக்கோல். மாடு மிதித்த வைக்கோல் மெத்தென்று இருக்கும், அதைத்தான் மாடு மிச்சம் வைக்காமல் தின்னும் என்று ஆயா சொல்லும்.

அடுத்தது போர். போர் போடத் தெரிந்தவர்கள் ஊருக்கு இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள், அவர்களுக்கு அந்த மாதம் தனி மரியாதை. அடியில் பனந்துண்டுகளையும் கருங்கல்லையும் பரப்பி, அதன்மேல் பழைய கூளத்தைப் போட்டு மெத்துவார்கள், ஈரமும் கரையானும் ஏறாமல் இருக்க. போர்க்காரர் மேலே நின்று வட்டமாக மிதித்துக்கொண்டே வருவார், கீழிருந்து இருவர் வைக்கோலை வீசிக்கொண்டே இருப்பார்கள். சுவர் நேராக ஏறாது. இடுப்பு உயரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளிக்கொண்டு போய், ஆள் உயரத்துக்கு மேல் மறுபடி உள்வாங்கி, முகட்டில் கூம்பும். மழை பெய்தால் தண்ணீர் முகட்டிலிருந்து வழிந்து, வெளித்தள்ளிய அந்த வயிற்றிலிருந்து சொட்டி, போரின் காலில் படாமல் தள்ளி விழும். மேல் அடுக்கைக் கீழ்நோக்கிச் சீவிவிட்டு, வைக்கோலிலேயே பிரி திரித்துக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, முனைகளில் கல்லைக் கட்டித் தொங்கவிடுவார்கள். வெளியே விரற்கடை அளவு கறுத்துப்போகும். உள்ளே கையை விட்டு உருவினால் ஐப்பசி அடைமழையிலும் மஞ்சள் மாறாமல் வரும். தார்ப்பாய் கிடையாது, கொட்டகை கிடையாது, கயிறுகூட வைக்கோல்தான். எஞ்சினியரிங் படித்த பிறகு இதை யோசித்துப் பார்த்தால் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருக்கிறது. நாங்கள் நாலு வருஷம் படித்த வடிகால் பாடத்தை அந்த மனிதர் காலாலேயே போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

அறுப்பு மிஷின் வந்ததும் முதலில் போனது இந்தப் போர்தான்.

எங்கள் எட்டு ஏக்கரை இப்போது ஒரே நாளில் அறுத்துவிடுகிறார்கள். சேலம் மாவட்டம் ஆத்தூர்ப் பக்கமிருந்து வண்டிகள் சீசனுக்கு இறங்கும். ஊருக்கு ஒரு புரோக்கர், அவர் கையில் ஒரு நோட்டு, நோட்டில் யார் பெயர் முதலில் என்பதில் ஒரு சண்டை. வண்டியில் இரண்டு ரகம். டயர் வண்டிக்கு வாடகை குறைவு, ஆனால் வயல் காய்ந்திருந்தால்தான் இறங்கும். பெல்ட் வண்டி ஈரத்திலும் போகும், வாடகை கூட. எங்கள் பக்கம் களிமண். பெரும்பாலும் பெல்ட் வண்டிக்குத்தான் அழ வேண்டியிருக்கிறது.

எங்கள் வட்டாரத்து ஈரத்தில் சுரங்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று நீர் இருக்கிறது. அதை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பொத்துக்கொண்டு வந்துவிடும். அதோடு மழைத் தண்ணீரும் சேரும். இப்படிச் சுரங்கத்திலிருந்து வெளியேறும் தண்ணீரில் ஒரு பகுதி வாலாஜா ஏரிக்கும் அங்கிருந்து பரவனாறு வழியாகப் பெருமாள் ஏரிக்கும் போய்ப் பாசனமாகிறது. வானம் பார்த்து நின்ற சில வயல்களுக்கு இது வரம். அதே சுரங்கத்தால் கிணற்று மட்டம் கீழே போய் போர்வெல்லை ஆழப்படுத்திக்கொண்டே இருப்பவர்களும் இதே வட்டாரத்தில்தான் இருக்கிறார்கள். இரண்டு பேரும் எங்கள் குடும்பக் கல்யாணத்தில் ஒரே பந்தியில் உட்காருவார்கள். அதனால் இந்தப் பேச்சை நாங்கள் பந்தியில் எடுப்பதில்லை.

வைக்கோலுக்கு வருவோம். அறுப்பு மிஷின் வயலில் ஓடும்போது வரப்பில் நின்று பார்த்தால் ஒரு பேரம் நடந்துகொண்டிருப்பது தெரியும். தாளை எந்த உயரத்தில் அறுப்பது என்ற பேரம். முழங்கால் உயரத்தில் கதிரை மட்டும் கொய்துகொண்டு போனால் வண்டி வேகமாகப் போகும், மிஷினுக்கும் சுமை குறைவு, டிரைவருக்கு அடுத்த வயல் சீக்கிரம் கிடைக்கும். கீழே இறக்கி அறுத்தால் வைக்கோல் கூடும், ஆனால் நேரமும் கூடும். நமக்கோ மணிக்கணக்கில் வாடகை. ஆகவே ஒவ்வொரு அங்குல வைக்கோலையும் டீசல் விலைக்கு வாங்குகிறோம். பெரியப்பா வரப்பிலிருந்து கையைத் தாழ்த்தித் தாழ்த்திக் காட்டுவார். டிரைவர் தலையாட்டுவார். இரண்டு சுற்று கீழே வெட்டுவார், மூன்றாவது சுற்றில் கத்தி தானாக மேலே ஏறியிருக்கும். "தம்பி, சாப்பாடு ரெடியாயிடுச்சு, கறிக்கொழம்பு" என்று பெரியப்பா சத்தம் போட்டால் மறுபடி ஒரு சுற்று இறங்கும்.

அப்படி உள்ளே போன தாளும் முழுசாக வெளியே வராது. பெல்ட் வண்டியின் உருளை அதைக் கசக்கித் துண்டும் துணுக்குமாகப் பின்னால் கொட்டும். அந்தத் துண்டு வைக்கோலைக் கையால் வாரிக் கட்டமுடியாது, பிரி திரிக்கவும் வராது, போரும் நிற்காது. வயலில் கிடந்து நனைந்து மட்கும், அல்லது உழவுக்கு இடைஞ்சல் என்று யாராவது ஒரு குச்சி கிழித்துப் போடுவார்கள். கட்டு மிஷின் எங்கள் பக்கம் வருவதற்கு முந்தைய அந்த இடைக்காலத்தில்தான் ஊரில் பல தொழுவங்கள் காலியாயின. மாடு விற்றவர்கள் "பாத்துக்க ஆளில்ல" என்றுதான் சொன்னார்கள். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. வயலில் நெல் விளைந்தும் வீட்டில் வைக்கோல் இல்லாமல் போன முதல் தலைமுறை அது. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நெல்தாளை எரிப்பதும் டெல்லி புகையில் மூழ்குவதும் வருஷாவருஷம் செய்தியில் வருகிறதே, அதற்கு மூலம் இதே அறுப்பு மிஷின்தான். அங்கே அடுத்துக் கோதுமை விதைக்கச் சில வாரங்கள்கூடக் கிடையாது, தவிர அவர்கள் மாட்டுக்குப் போடுவது கோதுமைத் தாள், நெல் வைக்கோலுக்குத் தொழுவத்தில் மதிப்பில்லை. நமக்கு நெல் வைக்கோலை விட்டால் வேறு போக்கில்லை. அதனால்தான் கட்டு மிஷின் இங்கே இவ்வளவு சீக்கிரம் ஊன்றிவிட்டது என்று நினைக்கிறேன்.

கட்டு மிஷினை டிராக்டரின் பின்னால், எஞ்சின் விசையைக் கடத்தும் பி.டி.ஓ. தண்டில் மாட்டி இழுத்துக்கொண்டு வருவார்கள். அடியில் கம்பி விரல்கள் வரிசையாகச் சுழன்று, வயலில் பட்டை பட்டையாகக் கிடக்கும் வைக்கோலை வாரி உள்ளே தள்ளும். உள்ளே அது சுருண்டுகொண்டே இருக்கும். அறை நிறைந்து இறுகியதும் டிரைவருக்குச் சத்தம் கொடுக்கும். அவர் டிராக்டரை நிறுத்திவிட வேண்டும், ஆனால் சுழற்சி நிற்கக்கூடாது. கயிறு ஓர் ஓரத்தில் பிடித்துச் சுற்றிக்கொண்டே மறு ஓரம் வரை போய் அறுபடும். பின்கதவு தூக்கும். வாத்து நின்று முட்டையிட்டுவிட்டு நடையைக் கட்டுவது போல உருளையை வயலில் போட்டுவிட்டு வண்டி நகரும். எங்கள் பக்கம் ஓடுவது சின்ன ரகம்தான். உருளை ஏறக்குறைய 2 அடி விட்டம், 3 அடி நீளம். நன்றாகக் காய்ந்திருந்தால் 15 கிலோவிலிருந்து 20 கிலோ வரை நிற்கும், ஒரு ஆள் தோளில் தூக்கிவிடலாம். அறுப்பு மிஷினுக்கு மணிக்கணக்கு, இதற்குக் கட்டுக்கணக்கு. ஆகவே எண்ணிக்கையில் தகராறு. மிஷினில் ஒரு கவுன்ட்டர் இருக்கும், பெரியப்பாவின் சட்டைப்பையில் புளியங்கொட்டை இருக்கும். இரண்டும் ஒத்துப்போனதை நான் இதுவரை பார்க்கவில்லை.

கட்டுக்கணக்கு என்பதால் இன்னொரு தந்திரமும் உண்டு. உருளையைத் தளர்வாகக் கட்டினால் எண்ணிக்கை கூடும், மிஷின்காரருக்கு லாபம். இறுக்கிக் கட்டினால் எடை கூடும், நமக்கு லாபம். ஆகவே முதல் கட்டு விழுந்ததும் ஊர்க்காரர்கள் செய்வது அதன்மேல் ஏறி உட்காருவது. உட்கார்ந்தால் அமுங்கக்கூடாது. அமுங்கினால் பேச்சு ஆரம்பித்துவிடும்.

கட்டு மிஷின் எப்போது வயலில் இறங்கும் என்பதைத் தீர்மானிப்பது பனி. தை, மாசியில் எங்கள் வயல்களில் விடிகாலைப் பனி மழைக்குச் சமம், வைக்கோலைப் பிழிந்தால் சொட்டும். அறுத்த பிறகு இரண்டு நல்ல வெயில் பட வேண்டும். அதற்குப் பிறகும் காலையில் மிஷினை இறக்கக்கூடாது. பத்தரை, பதினொரு மணிக்குமேல் ஒரு பிடியை எடுத்து முறுக்கிப் பார்ப்பார்கள். சரசரவென்று ஒடிந்தால் இறக்கலாம், வளைந்து கொடுத்தால் காத்திருக்க வேண்டும். சாயங்காலம் வெயில் சாய்ந்ததும் மறுபடி பதமாகிவிடும். ஆக ஒரு நாளில் உருப்படியாகக் கிடைப்பது ஆறு மணி நேரம். ஊர் முழுக்க ஒரே வாரத்தில் அறுத்திருப்பார்கள். கட்டு மிஷினோ இரண்டு மூன்று. இதற்கு நடுவே வடலூரில் தைப்பூசம் வந்துவிடும். ஞானசபையில் ஜோதி பார்க்கப் போகிற கூட்டத்தில் சேத்தியாத்தோப்பு ரோட்டில் டிராக்டர் நகராது, டிரைவரும் பூசத்துக்குப் போயிருப்பார். கோபப்படவும் முடியாது. 1867 முதல் அணையாமல் எரியும் வடலூர்த் தருமச்சாலை அடுப்புக்குப் புது நெல்லில் ஒரு மூட்டை அனுப்பாமல் எங்கள் வீட்டிலும் அறுப்புக் கணக்கை முடிப்பதில்லை.

ஈரத்தோடு கட்டினால் என்ன ஆகும்? வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்துக் கட்டின் நடுவில் கையை விட்டால் சுடும். உள்ளே புளித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பிறகு பூஞ்சை பிடித்துக் கறுக்கும், பிரித்துப் போட்டால் தூசியாகப் பறக்கும், மாடு முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பெரிய அடுக்காக இருந்தால் அந்தச் சூடு தானாகவே தீயாக மாறுவதும் உண்டு. வெளிநாட்டுப் பண்ணைகளில் கொட்டகை கொட்டகையாக எரிந்திருக்கிறது. 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரி தொடக்கத்திலும் டெல்டாவில் அறுவடை நேரத்தில் மழை கொட்டியது நினைவிருக்கும். நெல் முளைத்த படங்கள் பேப்பரில் வந்தன. வைக்கோல் படம் எதிலும் வரவில்லை.

தவிர, போர் செய்த வேலையைக் கட்டு செய்யாது. போர் தன் கூரையைத் தானே சுமந்துகொண்டு நின்றது. உருளைகளை அடுக்கினால் இரண்டுக்கு நடுவே உள்ள பள்ளம் ஒவ்வொன்றும் ஒரு வாய்க்கால். மேலே விழுந்த மழை நேராக உள்ளே இறங்கும். ஆகவே தார்ப்பாய் வேண்டும், இல்லையென்றால் தகரக் கொட்டகை. தார்ப்பாய்க்கடியில் எலி, எலிக்குப் பின்னால் பாம்பு. மிஷின் கட்டிக் கொடுத்த பிறகும் செலவு ஓயவில்லை என்பது ஊர்க்காரர்களின் நியாயமான புலம்பல். நான் மிஷின் பக்கம்தான். தலையடி அடித்தவர்களின் தோள்களையும், வைக்கோல் சுணையில் இரவெல்லாம் சொறிந்துகொண்டிருந்த என் சித்திகளின் கைகளையும் பார்த்தவன், பழைய முறை திரும்ப வர வேண்டும் என்று எழுதமாட்டேன். ஆனால் கூலிக்குக் கட்டு தூக்கிய வீடுகளுக்கு நெல்லோடு கொஞ்சம் வைக்கோலும் போய்க்கொண்டிருந்தது. அந்த வீடுகளின் ஒற்றை மாடும் ஆடும் அதில்தான் வளர்ந்தன. கட்டுக்கணக்கு வந்தபிறகு அப்படிச் சும்மா போகிற வைக்கோல் கிடையாது.

யூட்யூபில் அமெரிக்கக் குடும்பப் பண்ணைகளின் வீடியோக்கள் நிறையப் பார்க்கிறேன், பெரியப்பாவுக்கும் போட்டுக் காட்டியிருக்கிறேன். அயோவாவில் கேரி வெர்மீர் என்பவர் 1971இல் கொண்டுவந்த பெரிய உருளை மிஷின்தான் நம்முடைய சின்ன மிஷினுக்கு ஒரு வகையில் பெரியப்பா. ஒரு ஆளே டிராக்டரை விட்டு இறங்காமல் வருஷத் தீவனத்தைச் சுருட்டி வைத்துவிடுகிறார். பெரியப்பா அசந்தது மிஷினைப் பார்த்து இல்லை. "பச்சையா இருக்கேடா!" என்றார். அவர்கள் சுருட்டுவது வைக்கோல் இல்லை, புல். குதிரைமசாலையும் புல்லையும் பூக்கும் தறுவாயில், சத்து தாளிலேயே இருக்கும்போது அறுத்துக் காயவைப்பார்கள். நாம் சுருட்டுவது சத்தையெல்லாம் நெல்லுக்குக் கொடுத்துவிட்டு நிற்கிற தாளை. நெல் வைக்கோலில் புரதம் 3, 4 சதவீதம்தான், அதோடு சிலிக்கா வேறு. மாட்டுக்கு வயிறு நிறையும், பால் ஏறாது. கால்நடைப் பல்கலைக்கழகத்தார் சொல்லும் யூரியா வைத்தியம் இதற்குத்தான்: 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துச் சீராகத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி மூன்று வாரம் வைத்து, பிறகு ஆறவிட்டுப் போடுவது. தாள் மிருதுவாகும், சத்தும் கூடும். சின்னக் கன்றுகளுக்குப் போடக்கூடாது. கரைத்த தண்ணீரை மாடு நேரடியாகக் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. பெரியம்மா இதைக் கடைசிவரை கேட்டுவிட்டு, "வாய்க்கா ஓரத்துல கோ-4 புல்லு நட்டா போதுமே, எதுக்கு இவ்ளோ கூத்து" என்று முடித்துவிட்டது. எனக்குப் பதில் இல்லை.

இனி டவுன்ஷிப். 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டும்போது பழுப்பாக ஒரு பொருள் வந்தது என்பதில் தொடங்கி, 1956இல் என்.எல்.சி. நிறுவனம், 1961இல் முதல் நிலக்கரி என்று எங்கள் பள்ளியில் எல்லாருக்கும் மனப்பாடம். பிளாக் பிளாக்காக வீடுகள், மரங்கள் நிழலிட்ட சாலைகள், மூன்று ஷிப்ட் சங்கு. இந்த ஊர் வயலிலிருந்து வந்தது என்பதே டவுன்ஷிப்புக்குள் மறந்துபோகும். ஒரு டன் பழுப்பு நிலக்கரி எடுக்க 5 கன மீட்டருக்கும் மேல் மண்ணை அள்ளிப் போட வேண்டும், அந்த மண்ணின் மேல்தோல் யாரோ ஒருவரின் வயல் அல்லது முந்திரித் தோப்பு. நிலம் கொடுத்துவிட்டு மாற்றுக் குடியிருப்புகளுக்கு வந்தவர்களில் பலர் மாட்டை மட்டும் விடவில்லை. நிலமில்லாமல் மாடு வைத்திருப்பவருக்குப் போரும் கிடையாது, களமும் கிடையாது. கட்டுதான் கதி. மந்தாரக்குப்பம் பக்கம் சாயங்காலத்தில் நின்றால் டி.வி.எஸ். ஐம்பதில் பின்னால் இரண்டு, முன்னால் ஒன்று என்று உருளைகளை வைத்துக்கொண்டு, நடுவில் ஓட்டுபவரின் தலை மட்டும் தெரியும்படி வண்டிகள் போவதைப் பார்க்கலாம். மறுநாள் காலை குவார்ட்டர்ஸ் வாசலில் ஊற்றும் பாலில் கொஞ்சம் அந்த உருளையும் இருக்கிறது. இந்த விஷயத்தில் கட்டு மிஷினுக்குக் கோயில் கட்டலாம். அது இல்லாவிட்டால் நிலம் போன அன்றே மாடும் போயிருக்கும்.

2023 ஜூலை 26 அன்று மேல்வளையமாதேவியில் பரவனாற்று மாற்றுக் கால்வாய் வெட்டுவதற்காக என்.எல்.சி.யின் மண்வெட்டும் இயந்திரங்கள் பச்சைப் பயிருக்குள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தியது என்றது நிறுவனம். நட்ட பயிரை அறுக்கவாவது விட்டிருக்கலாமே என்றார்கள் விவசாயிகள். 28ஆம் தேதி பா.ம.க. முற்றுகைப் போராட்டம், கல்வீச்சு, கண்ணீர்ப்புகை. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் போய், ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு என்று ஆனது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அந்த வாரம் யாரும் வாயைத் திறக்கவில்லை. சம்பளம் வாங்கியவர்களும் வயல் வைத்திருப்பவர்களும் ஒரே குழுவில் இருந்தால் அப்படித்தான். பெரியம்மா மட்டும் போனில் கேட்டது: "அந்த ஊரு மாடுங்க இந்த வருஷம் எதைத் தின்னும்?" நெல்லுக்கு ஈடாகப் பணம் வந்தால் கடையில் அரிசி கிடைக்கும், ரேஷனிலும் கிடைக்கும். வைக்கோலுக்கு ரேஷன் கடை கிடையாது. அடுத்த தை வரை கட்டு வியாபாரி சொன்னதுதான் விலை.

அந்த வியாபாரிக்கு இப்போது நல்ல காலம். அறுப்பு மிஷின் ஓடும்போதே வந்து வரப்பில் நின்றுவிடுகிறார். வயலில் கிடக்கிற வைக்கோலுக்கு ஏக்கர் கணக்கில் ஒரு தொகை பேசி, கட்டுக் கூலி, ஏற்றுக் கூலி எல்லாம் தன் பொறுப்பு என்பார். நமக்கு வேலை மிச்சம், கையில் உடனே காசு. அந்தக் கட்டுகள் லாரியில் மலையாக ஏறிக் கேரளாவுக்குப் போகின்றன, பண்ணைகளுக்குப் போகின்றன, கொஞ்சம் சிப்பிக் காளான் வளர்ப்பவர்களுக்கும் போகிறது. மின்கம்பியில் உரசி வைக்கோல் லாரி எரிந்தது என்ற செய்தி வராத கோடை கிடையாது. தையில் கொடுத்த விலைக்கும் ஐப்பசி மழையில் அதே கட்டு விற்கும் விலைக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம்தான் அவருடைய பிழைப்பு. அதில் எனக்குப் புகார் இல்லை, கொட்டகையும் எலியும் அவர் பாடு. எனக்கு உறுத்துவது வேறு. முன்பெல்லாம் வைக்கோல் வீட்டுக்கு வந்துவிடும், வேண்டாதவர்கள்தான் விற்க வழி தேட வேண்டும். இப்போது வைக்கோல் வயலிலிருந்தே போய்விடும், வேண்டியவர்கள்தான் அதை நிறுத்தி வைக்க வழி தேட வேண்டும். தொழுவத்தில் மாடு கட்டியிருப்பவர் வருஷாவருஷம் தையில் உட்கார்ந்து, இந்த மாடு தேவைதானா என்று கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. கணக்குப் பார்த்தால் பெரும்பாலும் மாடுதான் தோற்கும். போர் இருந்த காலத்தில் அந்தக் கேள்வியே எழுந்ததில்லை, ஏனென்றால் போருக்கு யாரும் விலை சொல்லிக்கொண்டு வரவில்லை.

எங்கள் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். பசும்புல், தவிடு, பிண்ணாக்கு போகக் கறவை மாடு ஒன்றுக்கு நாளைக்கு 5, 6 கிலோ வைக்கோல். ஒரு கட்டு மூன்று நாள். வருஷத்துக்கு ஏறக்குறைய 120 கட்டு. இரண்டு மாட்டுக்கு 240. பெல்ட் வண்டி அறுத்த எங்கள் வயலில் ஏக்கருக்கு 40 கட்டு விழுந்தால் நல்ல வருஷம். ஆக எட்டு ஏக்கரில் 320. மீதி 80 கட்டுதான் வியாபாரிக்கு. அவர் இந்த 80க்கு லாரி அனுப்பமாட்டார், மொத்தமும் கொடுத்தால்தான் வருவேன் என்கிறார். பெரியப்பாவுக்குக் கொடுத்துவிட ஆசை. "வேணும்போது வாங்கிக்கலாம்" என்கிறார்.

"எப்போ? அடமழையிலயா?" என்றது பெரியம்மா.

பேச்சு அதோடு முடிந்தது. 240 கட்டும் கொட்டகைக்கு என்று தீர்மானமாகிவிட்டது. மீதியைப் பக்கத்துத் தெருவில் நிலமில்லாமல் ஒரு மாடு வைத்திருக்கும் இரண்டு வீடுகளுக்குக் கட்டுக் கூலி மட்டும் வாங்கிக்கொண்டு கொடுப்பது என்று பெரியம்மா சொல்ல, பெரியப்பா கேட்காத மாதிரி எழுந்து போய்விட்டார். இந்த வருஷம் கூடுதலாக ஒரு நிபந்தனையும் உண்டு. நைலான் கயிறு வேண்டாம், சணல் போட்டுத்தான் கட்ட வேண்டும். நைலான் துண்டு தெரியாமல் மாட்டு வயிற்றுக்குள் போய்விட்டால் செரிக்காது, சிக்கிக்கொண்டால் டாக்டர் வந்து கிழித்துத்தான் எடுக்க வேண்டும். இதற்காகவே கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் கயிறை உருவித் தொழுவத்துத் தூணில் ஓர் ஆணியில் மாட்டி, கட்டுக்கு ஒரு கயிறு சரியாக இருக்கிறதா என்று பெரியம்மா எண்ணிப் பார்க்கும். இனி அந்த எண்ணுகிற வேலை வேண்டாமாம். சணல் விலை கூட, கட்டுக்குக் கூடுதலாகக் கொடுத்தால் பார்க்கலாம் என்கிறார் மிஷின்காரர். பெரியப்பா நைலானே போதும் என்கிறார். சணல் உருண்டையை நெய்வேலி மெயின் பஜாரில் விசாரித்துச் சொல்லும்படி எனக்கு உத்தரவு வந்திருக்கிறது.